கொழும்பில் ஓடும் காருக்கு ஓல் சீசன் டயர் தேவையா?

டயர் மாற்றப்போகிறோம் என்றால், லண்டனில் இருக்கும் அண்ணாவோ பாரிசில் இருக்கும் மச்சானோ "ஓல் சீசனாப் போடு, வருசம் முழுக்கக் கவலையில்லை" என்று சொல்வது வழக்கம். அவர்கள் வாழும் ஊருக்கு அது நல்ல யோசனைதான். கொழும்புக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே டயருக்கு வரும் சோதனை குளிர் அல்ல, சூடும் தண்ணீரும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், கடையில் எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது என்று உங்களாலேயே முடிவெடுக்கலாம்.

இறப்பர் எப்போது இறுகும்?

டயரின் வெளித்தட்டு ஒரு கலவை. இயற்கை இறப்பர், செயற்கை இறப்பர், கார்பன் கரி, சிலிக்கா, எண்ணெய், கந்தகம் எல்லாம் அதில் உண்டு. கலவையின் அளவுகளை மாற்றினால், எந்த வெப்பநிலையில் அது இளக்கமாக இருக்கும், எப்போது இறுகும் என்பதும் மாறும். டயர் வீதியைப் பிடிப்பது, தாரின் பொடிக்கற்களுக்கு இடையே இறப்பர் பதிந்து எழுவதால். இறுகிய இறப்பர் பதியாது, வழுக்கும்.

ஐரோப்பாவில் மூன்று வகை டயர்கள் விற்கிறார்கள். கோடைகால டயர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே பிடியை இழக்கத் தொடங்கும். 7 என்பது கோடு கிழித்தது போன்ற எல்லை அல்ல, தோராயமான அடையாளம். குளிர்கால டயரின் கலவை உறைநிலைக்குக் கீழேயும் இளகியிருக்கும். ஓல் சீசன் டயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வெயிலில் கோடைகால டயரைவிடச் சற்றுப் பின்னால், பனியில் குளிர்கால டயரைவிடப் பின்னால், ஆனால் இரண்டையும் ஒப்பேற்றும். அமெரிக்காவில் 1977இல் குட்இயர் வெளியிட்ட டியெம்போ இந்த வகையில் பெயர் பெற்ற முதல் ரேடியல் டயர். ஐரோப்பாவில் மிஷெலின் 2015இல் கொண்டுவந்த குரொஸ்கிளைமேட்டுக்குப் பிறகு இந்த வகைக்குப் பெரிய வரவேற்புக் கிடைத்தது.

லண்டன், பாரிஸ் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் பல காலைகள் 7 பாகைக்குக் கீழேதான் விடியும். பனி கொட்டுவதோ சில நாட்கள் மட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றி, மற்றத் தொகுதியை வைக்க இடம் தேடுவதைவிட, நடுவில் நிற்கும் ஒரே டயரை ஓட்டுவது அங்கே சரியான முடிவு. அதே ஆலோசனையை ரொறன்ரோவில் இருப்பவருக்கு நாங்கள் கொடுக்க மாட்டோம். அங்கே ஜனவரியில் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குக் கீழே. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்காலத்துக்கு ஏற்ற டயர் சட்டப்படி கட்டாயம்.

கொழும்பில் ஜனவரி விடியற்காலையிலும் வெப்பநிலை 22 பாகையை அண்டித்தான் இருக்கும். மத்தியான வெயிலில் தார் 50 பாகையைத் தாண்டும். டயரின் கண்ணோட்டத்தில் இது மிதமான காலநிலையே அல்ல, வருடம் முழுக்க உச்சக் கோடை. ஓல் சீசன் டயர் குளிருக்காகக் கொண்டிருக்கும் ஆற்றல் இங்கே ஒருநாளும் பயன்படாது.

பயன்படாவிட்டால் போகட்டும், இருந்துவிட்டுப் போகிறது என்று நினைக்கலாம். ஆனால் அந்த ஆற்றலுக்காக இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பனியைக் கவ்வுவதற்காக ஓல் சீசன் டயரின் கட்டைகளில், அதாவது பள்ளங்களுக்கு இடையே துருத்தி நிற்கும் துண்டுகளில், மெல்லிய கீறல்கள் நிறைய உண்டு. ஒரு அழிறப்பரின் நுனியை பிளேட்டால் நாலைந்து இடத்தில் கீறிவிட்டு மேசையில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். கீறாத பக்கம் விறைப்பாக நிற்கும், கீறிய பக்கம் மடிந்து நெளியும். சூடான வீதியில், இளகிய கலவையில், அந்த நெளிவு அதிகம். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், வளைவில் ஸ்டியரிங் சற்றுத் தாமதமாகப் பதில் சொல்லும், கட்டைகளின் ஓரம் இறகு போலத் தேயும்.

பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது?

"ஓல் சீசன்" என்ற பெயரில் கொழும்பில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்பனையாகின்றன. அதனால் பெயரைக் கேட்டு வாங்காமல் டயரின் பக்கச்சுவரைப் பார்த்து வாங்குங்கள்.

முதலாவது, மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த டயர். இது பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியது என்பதற்கான குறி. உண்மையான ஓல் சீசன் டயர்களிலும் குளிர்கால டயர்களிலும் இதைக் காணலாம். மேலே சொன்ன குறைகள் முழுமையாகப் பொருந்துவது இவற்றுக்குத்தான்.

இரண்டாவது, எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துக்கள் மட்டும் உள்ளது. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு என்று தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் குறி இது. இதற்குப் பனிச் சோதனை தேவையில்லை. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சாதாரண டயர்களிலும், எஸ்.யு.வி., பிக்கப் டயர்களிலும் இது பரவலாக இருக்கும். இந்த எழுத்துக்களைக் கண்டு ஒதுக்க வேண்டியதில்லை. கலவை பெரும்பாலும் சூட்டைத் தாங்கக்கூடியதே. ஈரப்பிடி நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மூன்றாவது, இரண்டு குறியும் இல்லாத சாதாரண டயர். வெயில், மழை இரண்டுக்கும் பாவிக்கலாம் என்ற அர்த்தத்தில் விற்பவர் "இது ஓல் சீசன்தான்" என்பார். அவர் சொல்வது தவறில்லை. நமக்குத் தேவையானதும் அநேகமாக இதுதான்.

ஜப்பானிலிருந்து வந்த காரா? டயரைப் பாருங்கள்

இந்த விடயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம், ஏனெனில் ஓல் சீசனைவிட இதில் ஆபத்து அதிகம். ஜப்பானில் ஓடிய கார்கள் சில, அங்கே பனிக்காலத்துக்குப் போட்ட ஸ்டட்லெஸ் டயரோடேயே இங்கு வந்து இறங்கும். பார்ப்பதற்குப் பள்ளம் ஆழமாக, புத்தம் புதிதுபோல இருப்பதால் "டயர் நல்லாயிருக்கு" என்று நம்பி அப்படியே ஓட்டுகிறார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். பக்கச்சுவரில் ஆங்கிலத்தில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் நெளிநெளியாக, மயிரிழை அகலத்தில் வெட்டுக்கள் நெருக்கமாக இருக்கும். பெருவிரல் நகத்தால் அழுத்தினால் சாதாரண டயரைவிட இலகுவாகப் பதியும். பக்கச்சுவரிலுள்ள சிறிய அம்புக்குறிக்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடை தெரியும். பாதி தேய்ந்துவிட்டது, இனிப் பனிக்கு உதவாது என்று காட்டுவதற்கு அது.

இந்த டயரின் வேலை, பனிக்கட்டியின் மேல் படியும் மெல்லிய நீரை உறிஞ்சி ஒட்டிப்பிடிப்பது. 50 பாகைத் தாரில் அது வேகமாகக் கரைந்து தேயும். மழையில் நிற்கும் தூரம் கூடும். அதிவேக நெடுஞ்சாலையில் கார் இருபக்கமும் அலைவது போலத் தோன்றும். பனிக்குறி உள்ள ஓல் சீசன் டயர் ஏற்கெனவே காரில் இருந்தால் பள்ளம் 3 மில்லிமீற்றராகும் வரை ஓட்டித் தீர்த்துவிட்டு மாற்றலாம். ஸ்டட்லெஸ் என்றால் அப்படிப் பொறுத்திருக்க வேண்டாம். எவ்வளவு பள்ளம் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது ஈரப்பிடி

கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும்போதும், ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை கொட்டும்போதும் ஒரு மணித்தியாலத்துக்குள் தும்முல்லைச் சந்தி குளமாகிவிடும். காலி வீதியின் ஓரங்களில் கான் அடைத்துத் தண்ணீர் தேங்கும். ஆகவே நமது டயரைத் தீர்மானிக்க வேண்டிய முதல் அளவுகோல் ஈரத்தில் அதன் பிடி.

இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் உண்டு. ஒன்று, ஈரமான வீதியில் பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது. நகரத்துக்குள் 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவருக்கு இதுதான் முக்கியம். வெயில் நாட்களில் வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழைந்து படலமாகும் நேரம், பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோடு, கடற்கரைப் பக்கப் புகையிரதக் கடவையின் தண்டவாளம், இவையெல்லாம் கலவையின் தரத்தைச் சோதிக்கும் இடங்கள்.

ஐரோப்பிய சந்தைக்கான டயர்களில் ஒட்டும் லேபிளில் ஈரப்பிடி ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டிருக்கும். மணிக்கு 80 கிலோமீற்றரில் பிரேக் பிடித்தால், ஒரு தரம் இறங்கும்போது நிற்கும் தூரம் சுமார் 3 முதல் 6 மீற்றர் கூடும் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு வேகன் ஆரின் நீளம் 3.4 மீற்றர்; முன்னால் நிற்பவரை இடிப்பதற்கும் இடிக்காமல் தப்புவதற்கும் இடையே உள்ள தூரம் அது. ஜப்பானிய லேபிளில் இரண்டு வரிசை இருக்கும். எரிபொருள் சிக்கனத்தைக் காட்டும் உருள்தடை மூன்று ஏ முதல் சி வரையும், ஈரப்பிடி சிறிய எழுத்தில் ஏ முதல் டி வரையும் போகும். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் முதலாவதை மட்டும் பார்த்து வாங்குவார்கள். உருள்தடை மிகக் குறைவாகவும் ஈரப்பிடி சி ஆகவும் உள்ள டயர் பெற்றோலை மிச்சப்படுத்தும், மழையில் உங்களைக் கைவிடும். ஈரப்பிடி ஏ அல்லது பி கிடைத்த பிறகு சிக்கனத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பனிக்குறி உள்ள டயர்களின் ஈரப்பிடியை ஐரோப்பிய முறையில் குளிரான வெப்பநிலை எல்லைக்குள் சோதிக்கிறார்கள். அந்த லேபிளில் பி என்று இருப்பதை, சாதாரண டயரின் பியோடு கொழும்புச் சூட்டில் சமமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது பிரச்சினை, தண்ணீரின் மேல் டயர் மிதப்பது. பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் முன்னால் வரும்போது, டயருக்கும் வீதிக்கும் இடையே தண்ணீர் ஆப்புபோல நுழைந்து சில்லைத் தூக்கிவிடும். அந்தக் கணம் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும், எஞ்சின் சுற்று ஏறும், பிரேக்குக்குப் பலனே இருக்காது. அப்போது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து அக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை வெட்டுவதும்தான் கார் சுழல்வதற்குக் காரணம்.

விமானச் சில்லுகளை வைத்து 1960களில் நாசா ஆய்வாளர்கள் தந்த தோராயமான சூத்திரம் ஒன்று உண்டு. காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.இல் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 33 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 60 மைல், அதாவது 96 கிலோமீற்றர். காற்று இறங்கி 25 ஆகியிருந்தால் சுமார் 83 கிலோமீற்றர். பள்ளம் தேய்ந்த டயருக்கு, அல்லது பள்ளத்தால் சமாளிக்க முடியாத ஆழத் தண்ணீருக்கு இது பொருந்தும். நல்ல பள்ளமுள்ள கார் டயர் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் வேக எல்லை மணிக்கு 100 என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடைமழையில் 60, 70க்கு இறங்கச் சொல்வது வெறும் பயத்தால் அல்ல.

ஆகவே பள்ளத்தின் ஆழம் முக்கியம். புதிய டயரில் 7, 8 மில்லிமீற்றர் இருக்கும். பக்கச்சுவரின் மேல் ஓரத்திலுள்ள சிறிய முக்கோணக் குறிக்கு நேரே, பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு குறுக்குத் திட்டு உண்டு. தேய்ந்து அந்தத் திட்டோடு மட்டமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் கொழும்பு மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவதுதான் எங்கள் பரிந்துரை. பாடசாலை அடிமட்டத்தால் அளந்தால் பிழைக்கும். பூச்சியம் ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். மலிவான ஆழமானி ஒன்று வாங்கி ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளவுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் பிழை.

சூடும் வயதும்

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஐந்து பேரும் பொதிகளுமாகப் போகும் காரில், உச்சி வெயிலில், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் உள்ளடுக்குகள் விட்டு டயர் வெடிக்கும். சில டயர்களில் ஏ, பி, சி என்று வெப்பத் தரம் பொறித்திருப்பார்கள். சி கூட நமது வேக எல்லைக்குப் போதுமானதுதான்; ஆனால் சரியான காற்றும் அளவான சுமையும் இருந்தால்தான் அந்தத் தரம் செல்லுபடியாகும். ஒரே விலையில் கிடைத்தால் ஏயை எடுங்கள்.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பானிய மொழியில் இருந்தாலும் எண்களை வாசிக்கலாம்: டயரின் அளவும், பக்கத்தில் 220, 230, 250 போன்ற ஓர் எண்ணும். அது கிலோபஸ்கால், 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 230 என்றால் 33, 250 என்றால் 36. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, காலையில் கார் ஓடுமுன், அல்லது கிட்டவுள்ள பெற்றோல் செட்டில் சோதியுங்கள். ஓடிச் சூடான டயர் சில பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கக்கூடாது.

டயரின் பிறந்த திகதி பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் இருக்கிறது. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. சூடும் வெயிலும் இறப்பரை உலர்த்தி அதில் வெடிப்பு விழ வைக்கும். ஆறு வயதான டயரில் பள்ளம் இருந்தாலும் வருடாவருடம் பார்க்கக் கொடுங்கள், பத்து வயதுக்குமேல் எந்த டயரையும் ஓட்ட வேண்டாம். ஸ்பெயார் சில்லுக்கும் இதே விதி.

நுவரெலியா போவதென்றால்?

நுவரெலியாவில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போவதுண்டு. புல்லில் உறைபனி படியும் காலைகளும் உண்டு. ஆனால் வீதி உறைவது வழக்கமில்லை, வெயில் ஏறியதும் குளிர் விட்டுவிடும். வருடத்தில் ஒன்றிரண்டு பயணத்துக்காக ஓல் சீசன் தேவையில்லை. இறம்பொடை வளைவுகளில் மழையும் மூடுபனியும்தான் சோதனை. நல்ல பள்ளமும், இறக்கத்தில் கீழ் கியரில் இறங்கும் பழக்கமும் அங்கே உதவும்.

வாங்கும்போதும் பூட்டும்போதும்

கதவுத் தூணில் உள்ள அளவையே வாங்குங்கள். வேகன் ஆருக்கு 155/65 ஆர் 14, மூன்றாம் தலைமுறை பிரியசுக்கு 195/65 ஆர் 15 என்பவை பரவலான அளவுகள். அளவுக்குப் பின்னால் வரும் 91 எச் போன்றது சுமையும் வேகமும்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர். இரண்டும் பழையதைவிடக் குறையக்கூடாது. விலையை மட்டும் பார்த்துப் பஞ்சிகாவத்தையில் பாவித்த டயர் வாங்க நினைப்பவர்கள், திகதியையும் உட்பக்கத்தில் ஒட்டுப்போட்ட அடையாளத்தையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன்சில்லு இழுக்கும் காராக இருந்தாலும். முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் வற்புறுத்துவார்கள். மழையில் முன்டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதை மீட்கப் பெரும்பாலான சாரதிகளால் முடியாது. ஒரே அச்சில் வெவ்வேறு வகை டயர்களைக் கலக்க வேண்டாம்.

வி வடிவப் பள்ளமுள்ள டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். மாறிப் பூட்டினால் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதில் நடுவுக்கு இழுக்கும். காரை இறக்கியதும் நான்கு அம்பும் முன்னோக்கி உருளும் திசையைக் காட்டுகின்றனவா என்று சுற்றிவந்து பாருங்கள். காற்று வால்வையும் புதிதாக மாற்றி, பலன்சிங் செய்து, அலைன்மென்ட் பார்த்த பிறகு, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். புதிய டயரின் மேற்பரப்பில், தொழிற்சாலையில் அதை வார்க்கும் அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழுக்கல் மிச்சம் இருக்கும். முதல் 200, 300 கிலோமீற்றருக்கு மழையில் முன்காருக்கு வழமையைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள்.